ஊசியக்கா உட்கார்ந்து பார்த்த ஆட்டம்

மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிற அவளை எல்லோரும் ஊசியக்கா என்றார்கள். அலறுகிறவர்களுக்கும் அலறாதவர்களுக்கும் அவள் காட்டும் முகம் ஒன்றுதான். கால்பந்து பார்க்கும்போதும் அதே முகம். எந்த அணி கோல் போட்டாலும், அடி நன்றாக இருந்தால் லேசாகத் தலையாட்டுவாள்.

அவள் கணவர் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். ஆட்டம் தொடங்கினால் சோபாவில் ஏறி நிற்பார். நடுவரின் பரம்பரையையே வம்புக்கு இழுப்பார். தன் அணிக்குக் கோப்பை கிடைக்கும்வரை துவைக்கக் கூடாத சட்டை ஒன்றும் வைத்திருந்தார். ஊசியக்கா அதைக் கையுறை போட்டுத்தான் தொடுவாள்.

சில வருடங்களுக்கு முன் ஓர் அரையிறுதியின்போது அவள் வீட்டுக் கூடத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். அந்த நேரம் பார்த்து எதிரணி கோல் போட்டது. ஆசிரியர் திரும்பி அவளைப் பார்த்தார். அன்றோடு, ஆட்டம் நடக்கையில் அவள் கூடத்துக்கு வரக் கூடாது என்றாகிவிட்டது. அவள் வராத நாட்களிலும் அணி தோற்றது. அது எப்படி என்று அவருடைய தம்பி கேட்டபோது, "கதவுக்குப் பின்னாடி நின்னிருப்பாடா" என்றார் ஆசிரியர். ஆதாரம் காட்டாமல் முடிவு எழுதும் மாணவர்களுக்கு அவர் முட்டை போடுகிறவர்.

அவள் சம்பளத்தில் வாங்கிய தொலைக்காட்சி இருக்கும் அறையிலிருந்து அவளைத் தள்ளிவைக்கச் சாமியோ சாத்திரமோ தேவைப்படவில்லை. ஒரு கோல் போதுமாக இருந்தது.

அதன்பின் ஆட்டங்களையெல்லாம் முடிவு தெரிந்த பிறகு, வேலைக்குப் போகும் பேருந்தில், கைபேசியில் பார்த்தாள். அணியின் கோல்கீப்பரைத்தான் அவளுக்குப் பிடிக்கும். அந்த மனிதர் பாய்வதே அபூர்வம். பந்து வரப்போகும் இடத்தில் முன்பே போய் நின்றிருப்பார். இந்த வருடம் அணி இறுதியாட்டத்துக்கு வந்ததும், அதோடு ஓய்வு பெறுவதாக அவர் அறிவித்தார். அந்த ஒன்றையாவது நடக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்று ஊசியக்கா வேலைநேரத்தை மாற்றி வாங்கினாள்.

ஞாயிறு மாலை கூடத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"எழுந்து உள்ள போ. விளையாடாத."

"விளையாடறது அவங்க. நான் பார்க்க வந்திருக்கேன்."

கொழுந்தன் சமாதானத்துக்கு வந்தான். "அண்ணி, அண்ணனுக்கு நெஞ்சு தாங்காது."

"நாளைக்கு ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம்."

ஆசிரியர் கத்தினார், பிறகு கெஞ்சினார். ஒன்றும் பலிக்காமல் வெளியே படிக்கட்டில் போய் நின்றுகொண்டார். உள்ளே இருப்பவளால் வரும் கேடு, இவர் வெளியே போனால் எப்படித் தீரும் என்று அவருக்கே விளங்கியிருக்காது. என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கதவிடுக்கு வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். ரத்தப் பரிசோதனை முடிவை வாசிக்கும் குரலில் அவள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆட்டம் சமநிலையில் முடிந்து பெனால்டிக்குப் போனது. எதிரணியின் கடைசி உதைக்குக் கோல்கீப்பர் சரியான பக்கம்தான் பாய்ந்தார். விரலிலும் பட்டது. பந்து உள்ளே போய்விட்டது.

ஊசியக்கா எழுந்து நின்று கைதட்டினாள். அவள் கைதட்டி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஜெயித்துவிட்டோம் என்று ஆசிரியர் இரு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். திரையைப் பார்த்ததும் கைகளை இறக்கினார்.

"தோத்ததுக்கா தட்டற?"

"அவருக்குத் தட்டறேன்."

"நீ உட்கார்ந்ததாலதான் போச்சு."

"நான் உட்கார்ந்தே ஒரு கோப்பை கைமாறும்னா, ஜெயிச்சவங்க எனக்குச் சம்பளம் தரணும். கேட்டு வாங்கிக் குடுங்க."

கொழுந்தன் சிரித்துவிட்டு இருமல்போல் மாற்றிக்கொண்டான். அவள் மறுபடி உட்கார்ந்தாள். மைதானத்தைச் சுற்றிவந்து கையசைத்த கோல்கீப்பர் கடைசியாக உள்ளே போய் மறையும்வரை எழவில்லை. ஆசிரியரும் நின்றபடியே அதைப் பார்த்தார். அவரைப் படிக்கட்டுக்குப் போ என்று யாரும் சொல்லவில்லை.