ஒத்தை பல்புத் தெருவுக்கு டிரான்ஸ்பார்மர் வந்த கதை

திருவொற்றியூரில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் தெரு. அப்போதெல்லாம் முனையில் நின்று வடக்கே பார்த்தால் எண்ணூர் அனல்மின் நிலையத்தின் புகைக்கூண்டு தெரியும். கரண்ட் அங்கேதான் பிறந்தது. ஆனால் பொழுது சாய்ந்தால் எங்கள் தெரு பல்புகள் பீடி நெருப்பு மாதிரிதான் எரியும்.

இந்தத் தெருவில் ரமாபாய் மாவு அரைத்து விற்றார். வியாசர்பாடிக்காரர், கல்யாணம் ஆகி இங்கே வந்தவர். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய புருஷன் முதுகொடிந்து வீட்டோடு உட்கார்ந்ததும், ஒரு கிரைண்டரை வாங்கிப் போட்டார். சுவரில் புத்தர் படம், அதன் கீழே கிரைண்டர். குடும்பம் அந்தக் கல் சுற்றினால் சாப்பிடும், நின்றால் பட்டினி.

2004-இல் அது அடிக்கடி நின்றது. வோல்டேஜ் இறங்கினால் கல் உறுமும், ஆனால் சுற்றாது. ஊறப்போட்ட அரிசி புளித்து நாறும். இரண்டு தடவை மோட்டார் புகைந்துவிட்டது. இன்னொரு தடவை புகைந்தால் கடையை மூடிவிட வேண்டியதுதான் என்று என்னிடமே சொன்னார்.

காரணம் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தெருவில் மீட்டர் வைத்த ஒரே ஆள் ரமாபாய். மற்றதெல்லாம் குடிசை இணைப்பு. ஒரு குடிசைக்கு ஒரு பல்பு, இலவசம், மீட்டர் கிடையாது. அரசாங்கம் கொடுத்தது ஒரு பல்பு. மக்கள் மாட்டியது ஃபேன், டிவி, மிக்ஸி, அயர்ன் பாக்ஸ். நான் அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். தகரக் கூரைக்கு அடியில் சித்திரை மாதம் படுத்துப் பார்த்தவன்தான் அதைப் பேசவேண்டும்.

கரண்ட் ஆபீசிலிருந்து யாராவது வந்தால் தெருமுனையில் மீன் விற்கும் எல்சி, எடைக்கல்லை எடுத்துத் தராசுத் தட்டில் மூன்று தட்டு தட்டுவார். டங், டங், டங். அவ்வளவுதான். தெரு முழுக்க எல்லாம் அணையும், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பல்பு மட்டும் யோக்கியமாக எரியும். பல வருஷப் பழக்கம் அது.

அந்தச் சமயம்தான் டில்லியில் புது மின்சாரச் சட்டம் வந்திருந்தது. மின்வாரியத்தைத் துண்டு போடு என்றது, எல்லா இணைப்புக்கும் மீட்டர் மாட்டு என்றது. துண்டு போடுவதைத் தொழிற்சங்கத்தில் இருந்த நாங்கள் நோட்டீஸ் அடித்து எதிர்த்தோம். சரியாகத்தான் எதிர்த்தோம். மீட்டர் சங்கதியைப் பற்றி எங்கள் நோட்டீசில் ஒரு வரி கிடையாது. ஓட்டுக் கேட்கிற கட்சிகளின் நோட்டீசிலும் கிடையாது.

ரமாபாய் நோட்டீஸ் படிக்கிற ஆள் இல்லை. நேராக மின்வாரியச் செக்‌ஷன் ஆபீசுக்குப் போய் புது டிரான்ஸ்பார்மர் கேட்டார். அங்கே இன்ஜினியர் சங்கரநாராயணன் ஃபைலைப் புரட்டினார்.

"உங்க தெருவுல அத்தனை வீட்டுக்கும் ஒரு பல்புதாம்மா. இந்த லோடுக்கு இருக்கிற டிரான்ஸ்பார்மரே ஜாஸ்தி."

"அப்ப ஏன் சார் என் கல்லு சுத்த மாட்டேங்குது?"

"அதை நீங்கதான் சொல்லணும்" என்றார் அவர். "எல்லாருக்கும் மீட்டர் மாட்டுன்னு மேலேருந்து என் உயிரை வாங்கறாங்க. உங்க தெருவுல நுழைஞ்சா ஒருத்தனும் ஒத்துக்க மாட்டேங்கறான்."

ரமாபாய் விடவில்லை. நாலைந்து நடை நடந்து, ஒரு சனிக்கிழமை வந்து டிரான்ஸ்பார்மரில் லோடு அளந்து பார்க்க அவரைச் சம்மதிக்க வைத்தார். பிறகு தெரு ஆட்களைக் கூட்டி நிறுத்தினார்.

"இத பாருங்க. அந்தாளு வூட்டுக்குள்ள வர மாட்டாரு. கம்பத்தாண்ட நின்னு அளந்துகினு பூடுவாரு. அன்னிக்கு எவனும் எதையும் ஆஃப் பண்ணக் கூடாது. ஃபேன், டிவி, அல்லாம் ஓடணும். லோடு தெரிஞ்சாத்தான் டிரான்ஸ்பார்மர் வரும்."

பக்கத்து வீட்டு எத்திராஜ், கண்டெய்னர் யார்டில் வேலை, எழுந்து நின்றான்.

"யக்கா, சனிக்கெயம மேட்சு கீது. நீ சொல்லாங்காட்டியும் டிவி ஓடும். டென்ஷன் ஆவாத!"

தெருவே சிரித்துச் சம்மதித்தது.

சனிக்கிழமை காலை இன்ஜினியரின் ஜீப் தெருவுக்குள் திரும்பியது. எல்சி அப்போது நெத்திலி எடை போட்டுக்கொண்டிருந்தார். ஜீப்பைப் பார்த்தார். கை தானாகப் போனது. டங், டங், டங்.

தெரு அணைந்தது. ஃபேன் நின்றது, டிவி வாயை மூடியது. ஒருவரும் யோசிக்கவில்லை. கேலிக்கூத்து என்னவென்றால், மீட்டர் வைத்து ஒழுங்காகப் பணம் கட்டும் ரமாபாயின் கையும் போய்க் கிரைண்டரை அணைத்துவிட்டது.

கூட வந்த லைன்மேன், கம்பியைக் கவ்விப் பிடித்து லோடு அளக்கும் கருவியை மாட்டினார். முள் அசைந்ததோ இல்லையோ. சங்கரநாராயணன் பேனாவை எடுத்தார்.

"என்னம்மா இது, லோடே இல்லையே? நடையா நடந்து கூப்பிட்டது இதுக்கா?"

எல்சி தலையில் அடித்துக்கொண்டார். "அய்யோ மாதாவே, பாயாப்போன கை!"

ரமாபாய் தெருவைப் பார்த்தார். வாசலுக்கு வாசல் அப்பாவி முகங்கள். எல்லாரும் அவரிடம் மாவு வாங்குகிறவர்கள். வாயைத் திறந்தால் வாடிக்கை போகும், திறக்காவிட்டால் கடை போகும். அந்த ஜீப் திரும்பிப் போனால் மறுபடி வராது. நான் அங்கேதான் நின்றேன். ரமாபாய் எத்திராஜ் வீட்டுப் பக்கம் திரும்பினார். அப்புறம் அடித் தொண்டையிலிருந்து கத்தினார்.

"டேய் எத்திராஜு! ஸ்கோரு இன்னாடா?"

உள்ளேயிருந்து எத்திராஜ் கொஞ்சமும் யோசிக்காமல் கத்தினான்.

"மூணு விக்கெட்டு பூட்ச்சுக்கா! இப்பத்தான் ஒரு சிக்ஸு தூக்குனான், அதுக்குள்ள ஆஃப் பண்ணிட்டோம்!"

எதிர் வீட்டிலிருந்து இன்னொரு குரல். "நாலு விக்கெட்டுடா டேய்! ரன் அவுட்ட நீ பாக்கல!"

தெரு விறைத்துப்போனது. சங்கரநாராயணன் பேனாவை மூடினார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"ஒத்தை பல்புல ரன் அவுட் கூடத் தெரியுதா?"

"தெரியும் சார்" என்றார் ரமாபாய். "எங்க தெரு பல்பு அப்பிடி."

இன்ஜினியர் முகத்தை மாற்றிக்கொண்டார். "இதுக்கு நான் கேஸ் போடணும்மா."

"போடு சார், தெரு மொத்தத்துக்கும் போடு. அப்பால மீட்டரு மாட்டுனு மேல இருந்து உயிர வாங்குறாங்கன்னியே, அத எவன் மாட்ட உடுவான்? நீ கேஸ உடு, டிரான்ஸ்பார்மர எழுது. மீட்டர நாங்க மாட்டிக்கிறோம்."

"நாங்கன்னா யாரு? நீங்க ஒருத்தர் சொன்னா ஆச்சா?"

ரமாபாய் திரும்பினார். "இன்னா முழிக்கிறீங்க? அல்லாத்தையும் போடுங்கடா!"

முதலில் ஒரு வீடு. பிறகு மூன்று. பிறகு, மேட்ச் போய்க்கொண்டிருக்கும் பதற்றத்தில், தெரு முழுக்க ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் போட்டது. முள் ஏறிக்கொண்டே போனது. லைன்மேன் "சார்..." என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். கம்பத்தில் டப்பென்று ஃபியூஸ் வெடித்தது. மொத்தத் தெருவும் மறுபடி அணைந்தது, இந்தத் தடவை நிஜமாகவே.

"எழுதிக்கறேன்மா" என்றார் சங்கரநாராயணன்.

தெரு ரமாபாயைச் சும்மா விடவில்லை. "காட்டிக் குடுத்துட்டா" என்று எத்திராஜின் பெண்சாதி வாசலில் நின்று திட்டினாள். ரயில்வே கேட் தாண்டிப் போய் மாவு வாங்கினார்கள். அந்த கேட் பாதி நேரம் மூடித்தான் கிடக்கும். காத்து நின்று கால் வலித்து, ஒரு மாதத்தில் கோபம் தீர்ந்தது. ரமாபாய் ஒன்றும் கேட்கவில்லை, ஆளுக்கு ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினார்.

டிரான்ஸ்பார்மர் வந்தது. வந்து ரோட்டோரம் கிடந்தது. தூக்கி மாட்ட ஆள் இல்லை. ரிட்டையர் ஆன இடத்துக்கு ஆள் போடாமல் வைப்பதற்கும் சீர்திருத்தம் என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். மழைக்காலம் முழுக்க எல்சி அதன் மறைவில் கூடையை வைத்து வியாபாரம் பார்த்தார். கடைசியில் தூக்கி மாட்டியவர்கள் கான்டிராக்ட் ஆட்கள், பென்ஷனும் இல்லாதவர்கள், கையுறையும் இல்லாதவர்கள். மீட்டர்கள் மட்டும் அதற்கு முன்பே வீடு வீடாக ஏறிவிட்டன.

போன வாரம் மாவு வாங்கப் போயிருந்தேன். கல் முழு வேகத்தில் சுற்றியது. முனையில் ஒரு பூனை மத்தி மீனைக் கவ்வ வந்திருக்கிறது. எல்சி எடைக்கல்லை எடுத்துத் தட்டில் அடித்தார். டங், டங், டங்.

தெரு அணைந்தது. வீட்டுக்கு வீடு மீட்டர் இருக்கிறது, மாதாமாதம் புலம்பிக்கொண்டே பணமும் கட்டுகிறார்கள், ஆனாலும் அணைந்தது. ரமாபாயின் கிரைண்டர் மட்டும் நிற்கவில்லை. அவர் கை மாவிலேயே இருந்தது.

எத்திராஜ் தலையை நீட்டினான். "யக்கா, ஆபீசரு பூட்டாரா?"

"பூனடா, பேமானி. போய் ஃபேனப் போடு."