மூணு மணிப் பாட்டு

கல்யாணக் கச்சேரியில் அறிவிப்பாளன் வேலை என்பது, பாடகர் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை பேசிக்கொண்டிருப்பது. மைக் பிடித்து நின்றவர்களுக்குத் தெரியும்: எதிரே பாதிப் பேர் செல்போனைப் பார்ப்பார்கள், மீதிப் பேர் பந்தி எப்போது என்று பார்ப்பார்கள். அந்த இடைவெளியை நான் ஒரு கதை சொல்லி நிரப்பினேன். அது எனக்கு நேரடியாகத் தெரிந்த கதை அல்ல. எங்கள் குழுவை நடத்தும் சேகர் அண்ணன் சொன்னது. அவருக்குச் சொன்னவர் எங்கள் தங்கச் சுரங்க ஊரின் ராபர்ட்சன்பேட்டையில் கேசட் கடை வைத்திருந்தவராம்.

பட்டதாரிக்கு மைக்

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். பெங்களூரு நேர்முகத் தேர்வுகளில் வியர்த்து வழிந்து திரும்பியவனை, படித்தவன் தப்பில்லாமல் பேசுவான் என்று நம்பி அண்ணன் சேர்த்துக்கொண்டார். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் தவறாமல் கேட்கும் பாட்டு ஒன்று உண்டு. தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த துரைராஜ் எழுதிப் பாடியது. கேசட்டாக வந்து ஊர் ஊராகப் போனது. 'மூணு மணி கேட்டுச்சு, நெஞ்சு கீழே போச்சு, நீ மேலே நின்னுட்டே.'

இதற்கு நான் சொல்ல வேண்டிய வரலாறு: மூன்று மணிக்கு வருகிறேன் என்ற காதலி வரவில்லை, மேலுலகம் போய்விட்டாள், துரைராஜ் நொறுங்கிப்போய் எழுதினார். இதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று பயந்துகொண்டே கேட்டேன். அண்ணன் கீபோர்டைத் துடைத்தபடி சொன்னார்: "நீ இன்னா கோர்ட்லயா பேசப் போறே? அழ வைடா, போதும்."

அழ வைத்தேன். 'மேலுலகம்' என்னும் இடத்தில் குரலை உடைக்க வீட்டுக் கண்ணாடி முன்னால் பழகினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எது ஒரிஜினல்

சமீபத்தில் ஒரு பெங்களூரு பையன் அந்தப் பாட்டை கிடாரோடு மெதுவாகப் பாடி ரீல்ஸில் போட்டான். மறுபடியும் பிய்த்துக்கொண்டு ஓடியது. அடுத்த கல்யாணத்தில் நான் காதலியை மேலுலகம் அனுப்பிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் நண்பர் மேடையேறி என் காதில் சொன்னார்: "ப்ரோ, ரீல்ஸ்ல வந்த ஒரிஜினல் பாடச் சொல்லுங்க. இந்த ஊர் காப்பி வேணாம்."

முன் வரிசை அம்மா

ஆண்டர்சன்பேட்டை மண்டபம். அன்று குரல் அருமையாக உடைந்தது. இறங்கி வந்ததும் முன் வரிசையில் இருந்த ஓர் அம்மா கூப்பிட்டார். பாராட்டத்தான் என்று நினைத்து, அடக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு போனேன்.

அவர் துரைராஜின் மனைவி. துரைராஜ் இறந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. பாட்டு மறுபடி ஓடத் தொடங்கியதிலிருந்து, அக்கம்பக்கத்தார் அந்தக் காதலி யார் என்று இவரையே விசாரிக்கிறார்களாம். கோபமாகப் பேசியிருந்தால் தப்பித்திருப்பேன். தாழ்ந்த குரலில் கேட்டார்: "முப்பது வருஷம் கூட இருந்தேன், எனக்குத் தெரியல. உனக்குத் தெரிஞ்சிருக்கு. பேராவது சொல்லு தம்பி, யாரு அந்தப் பொண்ணு?"

வாட்ச்மேனின் சந்தேகம்

பந்தியில் உட்காரத் தைரியமில்லாமல் வாசலுக்கு வந்துவிட்டேன். அங்கே மண்டபத்து வாட்ச்மேன் அன்று என் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். முன்பு சுரங்க ஷாஃப்டில், அதாவது ஆள் இறங்கும் குழியில், மணி அடிக்கும் வேலையில் இருந்தவர். மூன்று மணிக்கு எந்த ஷிஃப்டு விட்டார்கள் என்று என்னையே கேட்டார். பிறகு அவரே விளக்கினார். ஆட்களை இறக்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டு புறப்படும் முன் மூன்று முறை மணி அடிப்பார்களாம். உள்ளே இருப்பது கல் இல்லை, ஆள் என்று இன்ஜின் ஓட்டுகிறவருக்குத் தெரிவதற்காக. நெஞ்சு கீழே போனது கேஜோடு. 'நீ' மேலே நின்றது மேலுலகத்தில் அல்ல, தரைமேல்.

இத்தனை வருஷமாக ஏன் யாரும் திருத்தவில்லை என்று கேட்டேன். "நீ பேச ஆரம்பிச்சா நாங்கள்லாம் சாப்பிடப் போயிடுவோம்பா."

திருத்தம்

மறுநாள் எங்கள் ஊரின் பாலகாட் பகுதியில் அந்த அம்மாவின் வீட்டைத் தேடிப் போனேன். துரைராஜ் சுரங்கத்தில் முதன்முதலாக இறங்கியது எப்போது என்று கேட்டேன். கல்யாணமான அதே மாதம் என்றார். நான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டு, மூன்று மணி என்றால் என்ன என்று விளக்கினேன். பாட்டை வரி வரியாகச் சொல்லச் சொன்னார். 'நீ மேலே நின்னுட்டே' வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, என்னிடம் சொல்வதுபோலவும் இல்லாமல் சொன்னார்: "நான்தானா அது? பயமா இருக்குன்னு என்கிட்ட ஒரு நாளும் சொல்லலியே அந்த மனுசன்."

இப்போது மேடையில் இதைத்தான் சொல்கிறேன். யாரும் அழுவதில்லை, அண்ணன் முறைக்கிறார். நானும் சும்மா இருக்காமல் பழைய சுரங்க விதிப் புத்தகம் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டேன், அதில் மூன்று மணி என்றால் ஆட்கள் கேஜில் ஏறுகிறார்கள் என்றுதான் இருக்கிறது, காதலி வரவில்லை என்று எங்கேயும் இல்லை.