மட்டக்குதிரையைப் பார்க்க வந்தவர்கள்

என் வீட்டுக்காரர் சத்தம் போட்டுப் பேசுகிற ஆள் அல்ல. எங்கள் வீட்டில் அந்தத் துறை என்னுடையது. அதனால் அன்று காலை நான் வீட்டு முன்னால் இருக்கும் எங்கள் கடையின் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது, ரோட்டிலிருந்து "ஏ பிள்ளே, ஓடி வா" என்று அவர் அலறியதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாம்பு கடித்துவிட்டது என்றே நினைத்தேன். செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

அவர் முழுசாக நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் எங்கள் மட்டக்குதிரை வலது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நின்றது. குளத்தங்கரைக்குப் போகும்போது துள்ளிக்கொண்டு போனவள். திரும்பி வரும்போது, வீடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்றுவிட்டாள். அந்தக் கால் தரையில் பட்டதும் அவள் உடம்பு முழுக்க நடுங்கியது.

"நல்லாத்தான் வந்தா. இந்தா இந்த இடத்துல வந்ததும் காலத் தூக்கிட்டா. அடி கூட வைக்க மாட்டேங்கா" என்றார். கயிற்றை விடாமல் அவள் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

குதிரை எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தது என்று சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் லாரி ஓட்டினார். டிரைவர்கள் தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் யாரோ பணக்காரருடைய குதிரை லாயம் இருந்ததாம். சாயங்காலம் வேலி ஓரமாக நின்று குதிரைகளைப் பார்ப்பதுதான் அவருக்கு அங்கே சினிமா. ஒரேயடியாக ஊர் திரும்பியவர்கள் கார் வாங்குவார்கள், மாடி எடுப்பார்கள். இவர் கன்னியாகுமரி கடற்கரையில் டூரிஸ்டுகளை ஏற்றி நடத்திக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து வெள்ளை மட்டக்குதிரை ஒன்றை வாங்கி, டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். பால் கறக்குமா, உழுமா, முட்டை இடுமா என்று நான் கேட்ட கேள்விகளுக்கு இன்றுவரை பதில் இல்லை.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. ஊருக்கு வந்த புதிதில் அவர் அறையை விட்டு வெளியே வரவே இல்லை. பாதி வயசு வெளியே கழிந்த மனுசனுக்குச் சொந்த ஊரில் பேச ஆள் கிடையாது. டீக்கடைக்குப் போனால் இரண்டு வார்த்தைக்கு மேல் போகாது. கட்டிலில் படுத்து போனைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். கூப்பிட்டால் மட்டும் சாப்பிட வருவார். சில நாள் அந்தக் கதவைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். குதிரை வந்த பிறகுதான் அவர் மனுசர்களோடு சேர்ந்தார். காலையில் அவளைப் பிடித்துக்கொண்டு நடந்தால் தெருவில் அவரை நிறுத்திப் பேசாதவர்கள் இல்லை. வயலில் நாற்று நடுகிறவர்கள்கூட நிமிர்ந்து கூப்பிடுவார்கள். அடுத்த வீட்டுக்காரி அய்யாவழியைச் சேர்ந்தவள். அவர்கள் கும்பிடும் அய்யா திருவிழாவில் வெள்ளைக் குதிரை வாகனத்தில் பவனி வருவார். அதனால் அவள் எங்கள் குதிரையின் நெற்றியில் தினம் திருமண் நாமம் இடுவாள். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். "இருந்துட்டுப் போவுது, அழகாத்தானே இருக்கு" என்பார் இவர். குதிரைக்குக் கால் போனால் இவர் அந்த அறைக்குள் திரும்பிப் போய்விடுவார் என்பது, ரோட்டில் நின்ற அந்த நிமிசமே எனக்குத் தெரிந்துவிட்டது.

சத்தம் கேட்டுக் கூடியவர்களில் பாதிப் பேர் வர்ம ஆசானைக் கூப்பிடச் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் கால் சுளுக்கினால் முதலில் ஆசான்தான், அது மனுசனுக்கா மாட்டுக்கா என்பது அப்புறம். இவர் கேட்கவில்லை. கால்நடை டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் வந்து காலைத் தூக்கி, குளம்பின் அடியை ஒரு சின்ன இடுக்கியால் அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் அழுத்தியதும் குதிரை துள்ளியது. அங்கே கத்தியால் சீவினார். கறுப்பாகச் சீழ் பீறிட்டது. அந்த நாற்றத்தில் கூட்டம் பாதி கலைந்தது.

"முள்ளோ கல்லோ குத்தியிருக்கு. உள்ளே சீழ் கட்டிட்டுது, அவ்வளவுதான். குதிரைக்கு இது சாதாரணம்" என்றார் டாக்டர். உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்து எடுத்துக் கட்டுப் போட வேண்டும், நடத்தக் கூடாது, சும்மா நிற்பதால் தீவனத்தைக் குறைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போவதற்குள்ளேயே அவள் காலைத் தரையில் ஊன்றிவிட்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

தீவனத்தை நாங்கள் ஒழுங்காகத்தான் குறைத்தோம். தவிட்டை நிறுத்தினோம். புண்ணாக்கை நிறுத்தினோம். கொள்ளு மூட்டையை நான் தூக்கி உள்ளே வைத்துப் பூட்டினேன். புல்லும் வைக்கோலும் மட்டும்.

அப்புறம் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

எங்கள் ஊரில் சுகமில்லாதவர்களைப் பார்க்க வெறுங்கையோடு யாரும் போக மாட்டார்கள். பேக்கரி ரொட்டி ஒன்று, பழம் கொஞ்சம், வசதியுள்ளவர்கள் என்றால் ஹார்லிக்ஸ். நோயாளி அதைத் தின்கிறாரா என்பது வேறு விசயம், கொண்டுபோக வேண்டும். குதிரைக்கும் அதே மரியாதை நடந்தது. ஒருவர் ரொட்டியோடு வந்தார். அடுத்தவர் சும்மா வருவாரா? அவர் இரண்டு ரொட்டி. சபைப் பெண்கள் சேர்ந்து வந்து, கொட்டிலுக்கு முன்னால் நின்று ஜெபம் பண்ணிவிட்டு, வர்க்கியும் செவ்வாழையும் கொடுத்தார்கள். கோட்டாற்றில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவர் கருப்பட்டியைப் பொதிந்து கொண்டுவந்தார். அடுத்த வீட்டுக்காரி காலையும் மாலையும் மட்டிப்பழக் குலையிலிருந்து ஒரு சீப்பை அறுத்துக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக உரித்து ஊட்டினாள். குதிரை தலையை ஆட்டி ஆட்டித் தின்றது. ஹார்லிக்ஸ் மட்டும் யாரும் கொண்டுவரவில்லையே என்று நான் கேலி பண்ணினேன். மறுநாள் அதுவும் வந்தது.

இவர் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். கல்யாண வீட்டுக்காரர் மாதிரி வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றார். ஊரே நம்ம வீட்டு வாசலில் நிற்கிறது என்கிற பூரிப்பு. ரொட்டி தீவனம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ரொட்டி காய்ச்சல்காரன் தின்பது. வயிற்றுக்கு லேசானது. சின்ன வயசிலிருந்து அப்படித்தான் கேட்டு வளர்ந்திருக்கிறோம்.

கட்டு அவிழ்க்க வேண்டிய நாள், விடிந்ததும் நான்தான் முதலில் கொட்டிலுக்குப் போனேன். உள்ளே பார்த்ததும் வாளியைக் கீழே போட்டுவிட்டேன். குதிரை இரண்டு முன்னங்கால்களையும் முன்னால் நீட்டி, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நின்றது. கழுத்தில் வியர்வை வழிந்தது. நல்ல காலும் சேர்ந்து போயிருந்தது. குனிந்து குளம்பைத் தொட்டேன். இறக்கிவைத்த சட்டியைத் தொட்டது போலச் சுட்டது.  நேற்று ராத்திரி வரைக்கும் தலையை ஆட்டி ஆட்டித் தின்றவள்.

டாக்டர் வந்தார். இந்த முறை கத்தியை எடுக்கவில்லை. இரண்டு குளம்புகளையும் தொட்டுப் பார்த்து, அதற்கு மேலே விரலை வைத்து நாடி பார்த்தார். அவர் முகம் மாறியது.

"என்ன குடுத்தீங்க?"

"புல்லும் வைக்கோலுந்தான் டாக்டரே. தவிடுகூட நிறுத்தியாச்சி" என்றார் இவர்.

டாக்டர் சுற்றிப் பார்த்தார். மூலையில் ரொட்டிக் கவர்கள் கிடந்தன. பக்கத்தில் பழத்தோல் குவிந்திருந்தது.

"அப்போ இது?"

"அது பாக்க வந்தவங்க கொண்டாந்ததாக்கும்" என்றார் இவர், மிகவும் சாதாரணமாக.

டாக்டர் குனிந்து ஒரு கவரை எடுத்துப் பார்த்தார். எங்களைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மெதுவாகத்தான் சொன்னார். குதிரை வயிறு புல்லுக்கு உண்டானது. மாவும் சர்க்கரையும் அளவுக்கு மேல் போனால் குடலில் புளித்து விசமாகும். அந்த விசம் வயிற்றில் நிற்காது, குளம்பைப் பிடிக்கும். குளம்புக்குள்ளே இருக்கும் எலும்பைச் சுவரோடு பிடித்து வைத்திருக்கிற சதை விட்டுப்போகும். பிடி விட்டால் எலும்பு கீழே இறங்கும். அடிப்பாகத்தைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டால் பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை.

"முள்ளு குத்துனது ஒண்ணும் இல்லை. அது ஆறிட்டுது" என்றும் சொன்னார்.

நான் ரொட்டிக் கவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்பாகக் கொடுத்த ரொட்டி காலைத் தின்னுமா? அதைக் கேட்டபோது என் காதை நான் நம்பவில்லை. பொய் சொல்கிறார் என்றுகூட நினைத்தேன்.

குளம்பைக் குளிர வைக்கச் சொன்னார் டாக்டர். மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவரிடம் இவர் விசயத்தைச் சொன்னார். அவர் மீன் பெட்டியில் இருந்த ஐஸை அப்படியே எங்கள் வாளியில் கொட்டிவிட்டு, மீனை வெறும் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார். இவர் அவள் முன்னங்கால்களை ஐஸ் வாளியில் வைத்து, பக்கத்தில் குந்தி, கையாலேயே பிடித்துக்கொண்டிருந்தார். தரையில் முழங்கால் ஆழத்துக்கு மணல் பரப்பினோம். ஊசிகள் போட்டார்கள். பார்க்க வருகிறவர்களை நான் கடையிலேயே நிறுத்தி, டாக்டர் யாரையும் விடக் கூடாது என்று சொல்லிவிட்டார் என்று திருப்பி அனுப்பினேன். ஏன் என்று சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. தெருக்குழாயில் யாரோ இரண்டு குடம் முந்திப் பிடித்ததற்கு ஊரைக் கூட்டியவள் நான்.

குதிரை படுத்துவிட்டது. குளம்பின் அடியில் பிறை மாதிரி ஒரு வீக்கம் தெரிந்தது. மறுநாள் அது வெடித்திருந்தது. டாக்டர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இவரைத் தனியாகக் கூப்பிட்டு, இனி இவளை வைத்திருப்பது பாவம் என்றார்.

"காலுதானே டாக்டரே? படுத்தே கெடக்கட்டுமே. நான் பாத்துக்கிடுதேன்" என்றார் இவர்.

"குதிரையால படுத்துக் கிடக்க முடியாதுங்க. இப்பவும் வலி தாங்கலை, பாருங்க."

இவர் என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்கிறவள் நான். அன்று தலையை மட்டும் அசைத்தேன். ஊசி போடும்போது இவர் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அது இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இப்போதுதானே காதை ஆட்டினாள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டாக்டர் எழுந்துவிட்டார். தென்னந்தோப்பில் ஜேசிபி வைத்துக் குழி தோண்டி அடக்கினோம்.

சாயங்காலம் அடுத்த வீட்டுக்காரி வந்தாள். கட்டு அவிழ்க்கும் முன்பே மகள் வீட்டுக்குப் போயிருந்தவள், பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கேள்விப்பட்டு நேரே ஓடி வந்திருந்தாள். வெறும் கொட்டிலைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"ஒரு முள்ளு குத்துனதுக்கா மயினி செத்துப்போனா? நான் போவும்போ எவ்வளவு நல்லா தின்னா. ஒரு பழம் மிச்சம் வைக்கல்லியே. அதப் பாத்துட்டு, இனி ஒண்ணும் இல்லேன்னு நிம்மதியாட்டுப் போனேனே."

 எனக்கு வந்தது துக்கமா கோபமா என்று தெரியவில்லை. முள்ளால் இல்லை, தீனியால் என்று சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் அறைக்குள்ளிருந்து வெளியே வந்தார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"கடைசி வரைக்கும் உன் கையாலதான் வயிறு நெறையத் தின்னா மக்கா" என்றார். "அந்தக் கொறை அவளுக்கு இல்ல."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். கொஞ்சம் ஆறுதலாகத்தான் எழுந்து போனாள்.

இவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். சொல்ல வந்ததைச் சொல்லாமல், திறந்த வாய் திறந்தபடி நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.