சால்சா பாட்டிலும் மாமாவின் வயிறும்

ஒன்பது வயதில் எங்கள் வீட்டு வைத்தியர் நான்தான். யாரும் நியமிக்கவில்லை, நானே பொறுப்பேற்றுக்கொண்டேன். பிளசன்டனில் எங்கள் வீட்டில் யாராவது ஒரு தும்மல் போட்டால் போதும், ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அடுப்பு முன்னால் ஏறி நின்றுவிடுவேன். அப்பாவுக்குத் தலைவலி என்றால் சுக்குமல்லி, தம்பிக்கு இருமல் என்றால் துளசியும் மிளகும். எல்லாம் அம்மா போடுவதைப் பார்த்துப் பிடித்துக்கொண்டதுதான். ஆனால் அளவு மட்டும் என் சொந்த அளவு. அம்மா ஒரு ஸ்பூன் போட்டால் நான் மூன்று போடுவேன். சீக்கிரம் குணமாக வேண்டாமா?

என்னுடைய நிரந்தர நோயாளி மாமா, அம்மாவின் தம்பி. ஆஸ்டினிலிருந்து வேலை மாறி வந்து எங்கள் மாடியறையில் தங்கியிருந்தார். கஷாயத்தைக் கண்டாலே மூக்கைப் பிடித்துக்கொண்டு உயிர் போகிற மாதிரி கத்துவார். அசந்தால் பாதியை சிங்க்கில் ஊற்றிவிடுவார். நானா விடுவேன்? கடைசிச் சொட்டு இறங்கும்வரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரிலேயே நிற்பேன்.

அந்த மாமாவுக்கு, சான் ரமோனில் பெண் பார்க்கப் போவதற்கு முதல் நாள் பார்த்துச் சளி பிடித்துக்கொண்டது. ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. இந்தப் பெண்ணின் போட்டோவை மட்டும் அவர் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். அம்மாவுக்குக் கவலை தாங்கவில்லை.

"மூக்கை உறிஞ்சிக்கிட்டே போய் உக்காந்தா யாருடா பொண்ணு குடுப்பாங்க? இதுவும் போச்சுன்னா ஊர்ல அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"லீவ் இட் டு மீ" என்றேன் நான்.

எங்கள் வீட்டில் எந்தப் பாட்டிலிலும் அதன் மேல் அச்சடித்திருப்பது இருக்காது. காலியானதைக் கழுவி அம்மா வேறு எதையாவது போட்டுவைப்பாள். டேப்பில் தமிழில் பெயர் எழுதி ஒட்டுவாள். தமிழ் வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்தும் எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. தெரியும் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். அப்பா சிப்ஸுக்குத் தொட்டுக்கொள்கிற சால்சா பாட்டில் என்றால் சுக்குப்பொடி. பாட்டிலைப் பார்த்தே தெரிகிறபோது எழுத்து எதற்கு? ஆனால் அந்த வாரம் அப்பா இன்னொரு சால்சா பாட்டிலைத் தீர்த்திருந்தார். அம்மா அதில் ஊரிலிருந்து வந்த கடுக்காய்ப்பொடியைக் கொட்டி, சுக்கின் பக்கத்திலேயே வைத்திருந்தாள். இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறம்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்ததும் சுக்குக் கஷாயம் போட்டு மாமாவுக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன். பத்து மணிக்கு இன்னொன்று.

"என்னடி இது, இப்படித் துவர்க்குது?"

"மெடிசின்னா அப்படித்தான் மாமா. குடிங்க."

குடித்தார், பாவம்.

நாலு மணிக்குப் பெண்ணின் சித்தப்பா வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். மாமா பஜ்ஜியைக் கையில் எடுத்தார், முகம் மாறியது, ரெஸ்ட்ரூம் எங்கே என்று கேட்டு எழுந்து போனார். வந்து உட்கார்ந்ததும் பெண்ணின் சித்தப்பா, "எங்க ஒர்க் பண்றீங்க?" என்று கேட்டார். மாமா கம்பெனிப் பெயரைப் பாதி சொல்லிவிட்டு மறுபடியும் ஓடினார். கொஞ்ச நேரத்தில் மூன்றாம் முறையும் எழுந்து ஓடினார். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"அவனுக்கு என்னடி குடுத்த?"

"சுக்கு. சால்சா பாட்டில்ல இருக்கே."

"எந்த சால்சா பாட்டில்?"

ஐயோ, இரண்டு இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "எனக்குத் தமிழ் ரீட் பண்ணத் தெரியாது!" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, "கடுக்காயைக் குடுத்திருக்கா" என்றாள்.

அதுவரை தலையைக் குனிந்துகொண்டிருந்த பெண் குபீரென்று சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே எழுந்து சமையலறைக்குப் போனாள். நானும் மூக்கைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பால் ஊற்றாத டீ, அதில் அரை எலுமிச்சம்பழம், ஒரு சிட்டிகை உப்பு. என் நோயாளிக்கு இவள் யார் மருந்து போட என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மாமா வெளியே வந்ததும் டம்ளரை நீட்டி, "இதக் குடிங்க, நின்னுடும்" என்றாள். மாமா மூக்கைப் பிடிக்கவில்லை. ஒரு முனகல்கூட இல்லாமல் குடித்து முடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?" என்று கேட்டார்.

திரும்பும்போது கார் ஃப்ரீவேயில் ஏறியது. நான் மெதுவாக, "சளி போச்சா மாமா?" என்றேன்.

"எல்லாமே போச்சுடி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அடுத்த சனிக்கிழமை காலையில் மாமா, "வயிறு சரியில்லக்கா, சான் ரமோன் போய் அந்த டீயைக் குடிச்சிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார். அதற்கடுத்த சனிக்கிழமையும் வயிறு சரியில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்லா இருந்த மனிதரின் வயிற்றை ஒரேயடியாகக் கெடுத்துவிட்டேனே! டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லி அம்மாவிடம் கெஞ்சினேன். அவள் சிரித்தாள். கூடப்பிறந்த தம்பி இப்படிக் கஷ்டப்படும்போது சிரிக்கிறாளே என்று அவள் மேல் கோபம் வந்தது. அந்த வாரங்களில்தான் டேப்பில் இருந்த ஒவ்வொரு பெயரையும் எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் எழுந்தேன். அதே டீ, அதே அரை எலுமிச்சம்பழம். உப்புப் பாட்டிலை இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் திறந்தேன். பிளாஸ்க்கில் ஊற்றி மாமா கையில் கொடுத்து, "இனிமே அவ்வளவு தூரம் டிரைவ் பண்ண வேணாம் மாமா" என்றேன்.

"என் தங்கம்" என்று தலையைத் தடவிக் கொடுத்தார். பிளாஸ்க்கை மேஜைமேல் வைத்தார். கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். அளவெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதில் என்ன குறை என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.