நீர்வீழ்ச்சிக் கூட்டத்தில் நான் பேசிய சிங்களம்

நாடு முழுவதும் மணிக்கணக்கில் மின்சாரத்தை வெட்டிய காலம் முடிந்து, அதற்கு அடுத்த வருடம் நடந்தது இது. எங்கள் தோட்டம் தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனைப் பக்கம் போகும் வழியில் இருக்கிறது. தோட்டத்துக்கு மேலே ஒரு நீர்வீழ்ச்சி. பெரிதாகப் பெயர் எடுத்தது இல்லை. ஆனாலும் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து எட்டிப் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கொழும்பிலிருந்து வேன் பிடித்து வந்து படம் எடுப்பவர்களும் உண்டு.

எங்களுக்கு அது பார்த்து ரசிக்கிற இடம் மட்டும் இல்லை. அங்கே விழுகிற தண்ணீர்தான் ஓடையாக இறங்கி, குழாய் வழியாக எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பொதுவான பீலியில் வந்து கொட்டுகிறது. குடிக்கப் பிடிப்பது, குளிப்பது, துவைப்பது எல்லாம் பீலியில்தான். திருவிழா நாளில் அம்மனுக்குக் கரகம் பாலிப்பதும் அந்த நீர்வீழ்ச்சியின் அடியில்தான். அங்கேயே குடத்தில் தண்ணீர் நிரப்பி, வேப்பிலையும் பூவும் கட்டி, மேளத்தோடு கோயிலுக்குக் கொண்டு வருவோம்.

அந்த இடத்தில் ஒரு கம்பெனி சிறிய மின்நிலையம் கட்டப் போவதாகக் கேள்விப்பட்டோம். நீர்வீழ்ச்சிக்கு மேலேயே தண்ணீரை மறித்து, பெரிய குழாயில் இறக்கி, மின்சாரம் எடுத்த பிறகு பீலிக்கும் கீழே, ஆற்றில் கொண்டு போய் விடுவார்களாம். நடுவில் இருக்கிற எங்கள் பீலிக்கு என்ன கதி என்று யாரும் சொல்லவில்லை. கடைசியில், மக்களின் கருத்தைக் கேட்க ஒரு அரசாங்க அதிகாரி வருவதாகவும், கூட்டம் எங்கள் பாடசாலை மண்டபத்தில் நடக்கும் என்றும் அறிவித்தார்கள்.

நான் அதே பாடசாலையில் ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகவில்லை, நியமனம் இன்னும் உறுதியாகவில்லை. என் கணவருக்குத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. கூட்டத்தில் எதையாவது சொல்லப்போய் தோட்டத்தை நடத்துகிற துரையின் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று வேண்டாத கணக்கெல்லாம் போட்டுக்கொண்டு, பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன்.

போன இடத்தில், அதிகாரியின் சிங்களத்தைத் தமிழில் சொல்ல வேண்டிய அலுவலர் வரவில்லை என்றார்கள். பாடசாலை அதிபர் நேராக என்னிடம் வந்தார். "நீங்கதானே சிங்களம் நல்லாப் பேசுவீங்க. கொஞ்சம் சொல்லிக் குடுங்க" என்றார். நான் வளர்ந்தது டவுனில், சிங்களப் பிள்ளைகளோடு விளையாடித்தான். அதிபர் கேட்டு இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமும் இல்லை. ஒன்றரை வயது மகளுக்கு அன்று சளி, என்னை விட்டு இறங்க மாட்டேன் என்றாள். கம்பளித் தொப்பி போட்ட பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே முன்னால் போய் நின்றேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு அப்படியே வந்தவர்கள். சிங்களம் சரளமாகத் தெரிந்த பொடியன்களில் முக்கால்வாசி கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டார்கள். இருந்த ஒன்றிரண்டு பேர் வெளியே விறாந்தையில் நின்றார்கள். தகரக் கூரையில் மழை கொட்டியதில் உள்ளே பேசுவது அவர்களுக்குக் கேட்கவே இல்லை.

அதிகாரியோடு வந்திருந்த கம்பெனி எஞ்சினியர் மரியாதையான மனிதர். நீர்வீழ்ச்சி மறைந்துவிடாது, எப்போதும் கொஞ்சம் தண்ணீர் விழும், பீலிக்கு ஒரு தண்ணீர்த் தாங்கி கட்டித் தருவோம், திருவிழா வந்தால் தேதியைச் சொல்லுங்கள், அன்றைக்கு முழுதாகத் திறந்து விடுகிறோம் என்றார். மின்வெட்டில் நீங்களும் எவ்வளவு கஷ்டப்பட்டீர்கள் என்று என்னைப் பார்த்துக் கேட்டபோது நானே தலையாட்டினேன். மகளுக்கு மூச்சு இழுத்த நாட்களில் இருட்டில் மருந்துப் போத்தலைத் தடவித் தேடியது ஞாபகம் வந்தது. அவர் சொல்வதும் நியாயம்தானோ என்று ஒரு நினைப்பு உள்ளே ஓடியது. அவர் சொன்னதை ஒன்றும் விடாமல் தமிழில் சொன்னேன்.

முதலில் எழுந்தவள் எங்கள் பக்கத்துக் காம்பராக்காரி, லயத்தில் ஒரே சுவர் நடுவில் உள்ள அடுத்த வீட்டுக்காரி. தோட்டத்திலிருந்து டவுன் பாடசாலைக்கு வருவாள், நானும் அவளும் சாதாரணதரப் பரீட்சை வரை ஒன்றாகப் படித்தோம். அவள் பிறகு மலைக்குக் கொழுந்து எடுக்கப் போய்விட்டாள். பேச்சில் யாருக்கும் கடன் வைக்க மாட்டாள்.

"எங்க புள்ள குட்டிய குளிப்பாட்டுறதுக்கு நாங்க இவருகிட்ட தண்ணி கேட்டு நிக்கணுமா? தாங்கி கட்டுவாராம். தாங்கி உடைஞ்சா இவரு தூக்கிட்டு வருவாரா தண்ணி? இந்த வேல இங்க வேணாம், வந்த வழிய பாக்கச் சொல்லு" என்றாள்.

இதை அப்படியே எப்படி ஒரு பெரிய மனிதரிடம் சொல்வது? "பீலித் தண்ணீர் பற்றி இவர்களுக்குக் கொஞ்சம் கவலை இருக்கிறது, தயவுசெய்து அதையும் யோசிக்கச் சொல்கிறார்கள்" என்று சிங்களத்தில் சொன்னேன். எஞ்சினியர் சிரித்துக்கொண்டே தலையசைத்தார்.

அடுத்து கோயில் கமிட்டித் தலைவர் எழுந்தார். "எஞ்சினியர் மாத்தயா தொறந்து விடுற தண்ணியில நாங்க கரகம் பாலிச்சா, அருளு யாருக்கு வரும்? சாமியாடிக்கு வருமா, எஞ்சினியர் ஐயாவுக்கு வருமா? அதக் கேட்டுச் சொல்லும்மா."

மண்டபமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. "இங்கே முக்கியமான ஒரு சமய வழக்கம் இருக்கிறது என்கிறார்" என்று சொன்னேன். அதற்கும் எஞ்சினியர் சிரித்தார். சமயத்தை மதிக்கிறோம் என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். இப்படியே இன்னும் நாலைந்து பேர் பேசினார்கள். ஒவ்வொருவர் கோபத்தையும் நான் கழுவித் துடைத்து அந்தப் பக்கம் கொடுத்தேன். சண்டை வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

முடிவில் அதிகாரி எழுந்து சிங்களத்தில் சொன்னார்: "அப்படியானால் மக்கள் திட்டத்துக்கு எதிர்ப்பில்லை. சில வேண்டுகோள்கள் மட்டும் வைக்கிறார்கள். அப்படியே அறிக்கை அனுப்புகிறேன். அவர்களிடம் சொல்லுங்கள்."

இதைத் தமிழில் சொல்ல வாய் வரவில்லை. நான் பேசாமல் நிற்பதைப் பார்த்த பக்கத்துக் காம்பராக்காரி இருந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

"ஏன்டி, நாங்க இவ்ளோ நேரமா ஏசுறோம். அவரு கல்யாண ஊட்டுக்கு வந்தவரு மாதிரி சிரிச்சிக்கிட்டே இருக்காரு. நீ அவருகிட்ட என்னத்த சொன்ன?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மகள் என் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் காப்பாற்ற அங்கே யாரும் இல்லை.

அதிகாரியைப் பார்த்து, "சேர், நான் சரியாகச் சொல்லவில்லை" என்றேன். "இவர்கள் வேண்டுகோள் வைக்கவில்லை. வேண்டாம் என்று சொன்னார்கள்." பிறகு ஒவ்வொருவர் சொன்னதையும் ஞாபகம் வைத்து முதலிலிருந்து சொன்னேன். கேட்டு நிற்பது, தாங்கி உடைவது, வந்த வழியைப் பார்ப்பது எல்லாம். அருள் யாருக்கு வரும் என்பதையும் சொன்னேன்.

எஞ்சினியரின் சிரிப்பு போய்விட்டது. கரகக் கதைக்கு அதிகாரிதான் மெல்லச் சிரித்தார். "அப்படியானால் அவர்கள் வாயாலேயே கேட்கிறேன்" என்று மண்டபத்தைப் பார்த்துத் திரும்பினார். வேணுமா, வேணாமா என்று கையால் சைகை காட்டினார்.

சந்தையில் வேண்டாத மரக்கறியை நீட்டினால் எங்கள் ஆட்கள் எல்லாரும் சொல்கிற ஒரு சிங்களச் சொல் உண்டு. பக்கத்துக் காம்பராக்காரி எழுந்து நின்று அதைச் சொன்னாள். "எப்பா மாத்தயா."

பின்னாலேயே மண்டபம் முழுவதும் "எப்பா" என்றது. மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. விறாந்தையில் நின்றவர்கள் என்ன ஏது என்று தெரியாமலே சேர்ந்து சொன்னார்கள். என் இடுப்பில் இருந்தவளும் சொன்னாள். சொல்லிவிட்டு அவளுக்கே அது பிடித்துப்போய், வீடு போகும் வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

மக்கள் சம்மதிக்கவில்லை என்று எழுதுவதாக அதிகாரி எங்கள் முன்னால் சொல்லிவிட்டுப் போனார். பல மாதம் கழித்து, திட்டத்தைக் கைவிட்டுவிட்டதாகத் தகவல் வந்தது. எங்கள் பேச்சால்தானா, வேறு ஏதும் காரணமா என்று எனக்குத் தெரியாது. எப்படியோ, பீலியில் தண்ணீர் கொட்டுகிறது. போன திருவிழாவுக்கும் அங்கேதான் கரகம் பாலித்தோம். நான் பயந்ததில் ஒன்றும் நடக்கவில்லை. துரை என் கணவரிடம், உன் மனைவி நல்ல சிங்களம் பேசுகிறாளாமே என்று கேட்டதோடு சரி. அன்று வீட்டுக்கு வரும் வழியில், "கோவமா?" என்று பக்கத்துக் காம்பராக்காரியிடம் கேட்டேன். "கோவம் என்ன, புள்ளைக்கு நனையுது, குடைய இங்கிட்டு சாச்சிப் புடி" என்றாள்.

இப்போதும் கிளினிக்கிலும் பொலிஸிலும் எங்கள் லயத்துப் பெண்களுக்காக அடிக்கடி சிங்களத்தில் பேச நிற்கிறேன். ஒவ்வொரு தடவையும், சொல்லி முடித்ததும் கேட்பவரின் முகத்தைப் பார்க்கிறேன். என்னோடு வந்தவள் கோபத்தோடு சொன்னதற்கு அந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தால், என் பயம் நடுவில் புகுந்து பேசிவிட்டது என்று தெரிந்துகொண்டு, திரும்பவும் முதலிலிருந்து சொல்கிறேன்.