செம்பு அண்டாவில் கடல் தண்ணீர்

திண்டுக்கல்லில் குடிதண்ணீரே பத்து நாளைக்கு ஒரு தடவைதான் வரும். அந்த ஊரில் என் வீட்டுக்காரர் கடல் மீன் வளர்த்தார். தூத்துக்குடியிலிருந்து மீன் ஏற்றி வரும் லாரிக்காரர் வாரம் நாலு கேன் கடல் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார். கேனைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வரும்.

தொட்டியில் ஒரு ஜோடி கோமாளி மீன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. பெண் முட்டையிட்டதும் ஆண் மீன் பக்கத்திலேயே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். “பாத்துக் கத்துக்கங்க” என்பேன். என் பிரசவத்துக்கு அரை நாள் கழித்து ஆஸ்பத்திரிக்கு வந்த மனுஷர் அவர்.

ஐந்து முறை குஞ்சு பொரித்து, ஐந்து முறையும் ஒரு வாரத்துக்குள் செத்துப்போயின. ஆறாவது முறை நாற்பது குஞ்சுகள் பதினோரு நாள் தாண்டின. தனித்தொட்டியில் விட்டிருந்தார். ஒன்றின் தலையில் வெள்ளைக் கோடு தெரிந்த அன்று ஆபீசுக்கே போகவில்லை.

அந்த வாரம்தான் ஒட்டன்சத்திரத்தில் அவருடைய பெரியப்பா தவறிப்போனார். “ரெண்டு நாள் கழிச்சு, குஞ்சுக்கு நாலு மக் கடல் தண்ணி மட்டும் மாத்திரு. வேற எதையும் தொட்டுறாத” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் போன அன்றே, கடல் தண்ணீர் வைத்திருந்த பிளாஸ்டிக் டிரம் அடியில் விரிசல் விட்டு ஒழுகியது. வீணாகக் கூடாதே என்று பரணிலிருந்து என் சீர் அண்டாவை இறக்கினேன். செம்பு அண்டா. புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, மிச்சத் தண்ணீரை அதில் ஊற்றி மூடினேன். செம்பில் வைத்தால் தண்ணீர் சுத்தமாகும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். சொன்ன நாளில் அதிலிருந்துதான் மாற்றினேன். மறுநாள் காலையில் அத்தனை குஞ்சும் அடியில் கிடந்தன.

திரும்பி வந்தவர் தொட்டியைப் பார்த்துவிட்டு, “அம்புட்டுமா?” என்று மட்டும் கேட்டார். தான் போட்ட தீனியில்தான் ஏதோ தப்பு என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். அண்டா அதற்குள் பரணேறியிருந்தது.

ஒரு மாதம் கழித்து, அவர் மீன் குறிப்பு எழுதிவைக்கும் நோட்டைப் புரட்டினேன். செம்பு பட்ட கடல் தண்ணீர் குஞ்சுகளுக்கு விஷம் என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. நோட்டை மூடினேன், வாயையும் மூடிக்கொண்டேன்.

“எனக்குக் கைராசி இல்லம்மா” என்று அந்த ஜோடியை மதுரைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டார். பிறகு எதையும் வளர்க்கவில்லை.

அவர் போய் நாலு வருஷமாகிறது. உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டார். எட்டாம் நாள் அடுத்த முட்டைக்குக் காத்திருக்க ஆரம்பித்திருப்பார். அந்த ஒரு வாரக் கோபத்துக்குப் பயந்து, குற்றம் தன் கையில்தான் என்று நம்பியபடியே அவரைச் சாகவிட்டேன்.