பெனடிக்ற் கடையில் மூடாத லப்டொப்

மன்னார்ப் பட்டணத்தில் லப்டொப் பழுதானால் யாரும் முதலில் பெனடிக்றிடம் போவதில்லை. முதலில் மச்சானிடம் கொடுப்பார்கள். பிறகு மச்சானின் கூட்டாளியிடம் கொடுப்பார்கள். இருவரும் கிண்டி முடித்த பிறகுதான் சந்தைக்குப் பின்னால் இருக்கும் அந்த ஒற்றை அறைக் கடைக்கு வருவார்கள். காரணம் பெனடிக்றின் வாய். கை சுத்தம், வாயில் மட்டும் உப்புக் கொஞ்சம் கூடுதல்.

ஊர் வங்காலை. வயது நாற்பத்தாறு. கட்டாரில் ஒரு கம்பனியில் பதினொரு வருடம் கணினி திருத்திவிட்டு, குளிரூட்டிய அறை அலுத்துப்போய் வந்தவர். இப்போது தினமும் கடலுக்கு நடுவே போகும் தாம்போதிப் பாதையின் காற்றோடு மல்லுக்கட்டி மோட்டார் சைக்கிளில் வருகிறார். கடை திறந்ததும் றேடியோவைப் போடுவார். பிறகு மேசையில் உள்ள லப்டொப்களை ஒவ்வொன்றாகத் திறந்து சார்ஜரில் கொழுவுவார். பின்னேரம் வரை ஒன்றையும் மூடமாட்டார். வீட்டுக்குப் போகும்போது முறையாக நிறுத்தி, திரை அணைந்த பிறகுதான் மூடுவார். வேலை முடிந்ததும் மூடியைச் சாத்திவிட்டு எழும்பிப் போகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

“சட்டி மூடுற மாதிரி மூடக்கூடாது. உள்ளுக்க குழம்பே கிடக்கு?” என்று கேட்பார்.

ஒரு திங்கட்கிழமை கொண்டச்சியிலிருந்து ஹுஸ்னியா வந்தாள். இருபத்தொன்பது வயது. வீட்டிலிருந்தே பட்டப்படிப்புப் படிக்கிறவள். பழைய லப்டொப்பைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். விரலால் தடவி அம்புக்குறியை நகர்த்தும் டச்பாட்தான் பிரச்சினை.

“இருந்தாப்போல செத்துப்போகுது அண்ணை. திருப்பி நிப்பாட்டிப் போட்டால்தான் வேலை செய்யும். போன சோதினையில அப்பிடி நிண்டு, திருப்பிப் போட, அது தன்ர பாட்டில ஏதோ புதுப்பிக்கத் தொடங்கிட்டுது. எழும்பி வாறதுக்குள்ள நேரம் முடிஞ்சு போச்சு.”

“ஒரு மவுஸைக் கொழுவ வேண்டியதுதானே?”

“ரெண்டு ஓட்டைதான் இருக்கு. ஒண்டு உப்புக்காத்தில துருப்பிடிச்சிட்டுது. மற்றதில இன்ரநெட் டொங்கிள்.”

வீட்டிலிருந்தே லப்டொப்பில் எழுதும் அடுத்த சோதினை அந்தச் சனிக்கிழமை, இரண்டரையிலிருந்து நாலரை வரை. அதுவே கடைசித் தவணை. அதையும் விட்டால் பதிவு காலாவதியாகிவிடும். அடுப்படிக்கும் மேசைக்கும் இடையில் அவள் படித்த நான்கு வருடமும் வீண். வீட்டில் வேறு லப்டொப் இல்லை, ஒழுங்கையில் மற்ற வீடுகளிலும் இல்லை.

பெனடிக்ற் லப்டொப்பைத் திறந்து மேசையில் வைத்தார். பகல் முழுக்கத் தடவிப் பார்த்தார். அம்புக்குறி ஆட்டுக்குட்டி போல ஓடித் திரிந்தது. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. “ஒண்டுமில்லை, கொண்டுபோங்கோ” என்றார். புதன்கிழமை, வீட்டில் மறுபடி நின்றுவிட்டது என்று அவளிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. வியாழக்கிழமை திரும்பக் கொண்டுவந்தாள். இந்த முறை அடியைக் கழற்றி, உப்பைத் துடைத்து, உள்ளே போகும் நாடா வயரை மாற்றினார். கடையில் ஒரு குறையும் காட்டவில்லை. அன்று இரவே வீட்டில் மறுபடியும் செத்தது.

வெள்ளிக்கிழமை பகல் அவள் மூன்றாம் முறை வந்து நின்றபோது பெனடிக்றுக்குப் பொறுமை போய்விட்டது. தன்னுடைய வேலை தோற்பதை அவரால் தாங்க முடியாது. தாங்க முடியாததை யார் தலையிலாவது இறக்கிவைப்பது அவருடைய கெட்ட பழக்கம்.

“தங்கச்சி, மெசினில பிழையில்லை. பாவிக்கிற ஆளிலதான் பிழை.”

ஹுஸ்னியாவின் முகம் சுருங்கிவிட்டது. கதிரையை இழுத்துப்போட்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

“அப்ப நான் பாவிக்கிறதைப் பாருங்கோ. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்கு.”

பழைய வினாத்தாள் ஒன்றைத் திறந்து விடை எழுதத் தொடங்கினாள். பெனடிக்ற் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். அரை மணித்தியாலம் போனது. விரல் சுத்தமாக இருந்தது, விசையில் விழும் அடியும் மெதுவாக இருந்தது. குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

அப்போது பக்கத்துத் தெருப் பள்ளிவாசலில் பின்னேர அஸர்த் தொழுகைக்கு அழைத்து வாங்கு சொன்னார்கள். பெனடிக்ற், தினமும் செய்வதுபோல, கையை நீட்டி றேடியோவைக் குறைத்தார். அதே நேரம் ஹுஸ்னியா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, மற்றக் கையால் லப்டொப்பின் மூடியைச் சாத்தினாள்.

வாங்கு முடிந்ததும் திறந்தாள். அம்புக்குறி திரையின் நடுவில் அசையாமல் நின்றது. தடவினாள், தட்டினாள். அது அசையவில்லை.

“பாத்தீங்களோ அண்ணை” என்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“இப்ப என்ன செய்தனீங்கள்?”

“நானோ? ஒண்டும் செய்யேல்லையே.”

“மூடினீங்கள்.”

அவள் விளங்காமல் அவரைப் பார்த்தாள். “வாங்கு சொல்லேக்க மூடாமலோ?”

கொண்டச்சியில் அவளுடைய வாப்பா ஹுசைன் வீட்டில் வாங்கு கேட்டால் பேசுகிற சாமான் எல்லாம் வாயை மூடவேண்டும். முதலில் றேடியோ, பிறகு ரீவி, இப்போது லப்டொப். சிறு வயதிலிருந்து பழகிய கை அது. போன சோதினைக்கு நடுவிலும் அப்படியே மூடியிருக்கிறது, மூடியதை அவள் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. மூடியதும் லப்டொப் நித்திரைக்குப் போகிறது. எழும்பும்போது திரை எழும்புகிறது, டச்பாட் எழும்பவில்லை. பெனடிக்றின் மேசையில் அது நித்திரைக்கே போகாததால் குறையும் வெளியில் வரவில்லை. வாங்கு கேட்டு வருடக்கணக்காக றேடியோவைக் குறைக்கிற மனிதருக்கு இது தோன்றாமல் போனதே. பெனடிக்றுக்கு வெட்கமாக இருந்தது.

“நான் சொன்னதை மனசில வைச்சுக்கொள்ளாதைங்கோ தங்கச்சி. என்ர மேசையிலதான் பிழை.”

பிறகு விறுவிறுவென்று விசைப்பலகையாலேயே உள்ளே போனார். எந்தெந்தப் பாகம் எப்படி நடக்கிறது என்று காட்டும் பட்டியலில் டச்பாட்டைத் தேடினார். கரண்டை மிச்சம் பிடிக்க இந்தப் பாகத்தை நிறுத்தலாம் என்று ஒரு சின்னச் சரி அடையாளம் இருந்தது. அதை எடுத்துவிட்டு, டச்பாட்டுக்கு உயிர் வர லப்டொப்பை ஒருமுறை நிறுத்தித் திரும்பப் போட்டார். மூடித் திறந்தார். அம்புக்குறி அசையவில்லை. ஹுஸ்னியா மணிக்கூட்டைப் பார்த்தாள். பெனடிக்ற் வாய்க்குள் ஒரு மாதா மன்றாட்டை முணுமுணுத்தபடி இன்னும் கீழே போனார். டச்பாட்டை லப்டொப்போடு சேர்க்கும் இணைப்புப் பாகத்துக்கும் அதே அடையாளம் போட்டிருந்தது. அதையும் எடுத்து, மறுபடி நிறுத்திப் போட்டு, மூடித் திறந்தார். அம்புக்குறி ஓடியது. பத்துத் தடவை மூடினார், பத்துத் தடவையும் ஓடியது.

“மூடினாலும் நித்திரைக்குப் போகாத மாதிரியும் வைக்கலாம். வைக்கட்டே?”

“அப்ப மூடினாலும் உள்ளுக்க கதைச்சுக்கொண்டிருக்குமே அண்ணை?”

“கதைக்கும்.”

“அப்ப வேண்டாம். நித்திரையே கொள்ளட்டும்.”

“நாளைக்கும் அஸர் இடையில வருமே. மூடுவீங்களோ?”

“ரெண்டு நிமிசம்தானே” என்றாள் ஹுஸ்னியா. மூடாமல் இருங்கோ என்று சொல்லப் பெனடிக்றுக்கு வாய் வரவில்லை. அவருக்கே அது புதினமாக இருந்தது.

சனிக்கிழமை பெனடிக்றுக்கு வேலை ஓடவில்லை. மூன்றேகாலுக்கு மேல் வாங்கு கேட்டது. றேடியோவைக் குறைத்த கை அப்படியே நின்றது. இந்நேரம் கொண்டச்சியிலும் கேட்டிருக்கும், அவள் மூடியிருப்பாள் என்று நினைத்தார். பத்து முறை பார்த்தது போதுமா, இருபது முறை பார்த்திருக்க வேண்டுமா? வந்த இரண்டு பேரிடம் திங்கட்கிழமை வரச் சொன்னார். அவர் திட்டாமல் அனுப்பியது அவர்களுக்கே ஒரு மாதிரியாக இருந்திருக்கும்.

நாலு நாற்பதுக்குத் தொலைபேசி அடித்தது.

“மூடினீங்களோ?” என்றுதான் எடுத்தவுடன் கேட்டார்.

“மூடினனான் அண்ணை.”

“எழும்பிச்சுதோ?”

“எழும்பிச்சுது. கடைசிக் கேள்விவரைக்கும் எழுதி அனுப்பிட்டன்.” அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டது. பின்னால் ஹுசைன் ஏதோ சொல்லிச் சிரிப்பதும் கேட்டது.

“நல்லது தங்கச்சி” என்றார் பெனடிக்ற். தொலைபேசியை வைத்த பிறகுதான் கடை இவ்வளவு நேரமும் அமைதியாகக் கிடந்தது அவருக்குத் தெரிந்தது. வாங்குக்குக் குறைத்த றேடியோவைத் திருப்பிக் கூட்டினார்.